நிக்கான் டி850: பினாங்குல பறவை எடுக்கறவங்களுக்கு இன்னும் வேலைக்கு ஆகுமா?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். பினாங்கு, செபராங் பிறை பக்கம் பறவை, குரங்கு, அணில்னு எடுக்கறவங்க, மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத புது ரக கேமரா) விலைய பாத்துட்டு தள்ளி நிக்கறவங்க, படம் மட்டும் சுத்தமா வரணும்னு ஆசப்படறவங்க, இவங்களுக்கெல்லாம் செகண்ட் ஹேண்ட் டி850 இன்னிக்கும் ரொம்ப நல்ல கேமரா. பறக்கற பறவை மட்டுந்தான் எடுப்பேன்னு இருக்கறவங்களும், தோள் வலி, முதுகு வலி இருக்கறவங்களும் வேற பாருங்க. நான் சில வருஷமா இத நிக்கானோட 200-500 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸோட போட்டு வச்சிருக்கேன், வாரக் கடைசியில பெரும்பாலும் இதோடதான் சுத்தறேன், அதனால பேப்பர்ல இருக்கற நம்பர விட காட்டுலயும் சேத்துலயும் என்ன ஆகுதுன்னு சொல்றதுதான் உபயோகமா இருக்கும்.

நம்பர சீக்கிரமா முடிச்சுடறேன். 2017 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க, அப்ப அமெரிக்கால பாடி மட்டும் 3,300 டாலர். ஃபுல் ஃபிரேம், 45.7 மெகாபிக்சல், படம் 8256க்கு 5504. நொடிக்கு 7 ஷாட், அடியில மாட்டற தனி கிரிப்பும், நிக்கானோட பெரிய கேமரா டி5-ல போடற பேட்டரியும் சேத்தா 9. ஃபோகஸ் பாயிண்ட் 153, அதுல 99 கிராஸ் டைப், அதாவது குறுக்கயும் நெடுக்கயும் பாத்து ஃபோகஸ் புடிக்கறது. பேட்டரி, கார்டு போட்டு ஒரு கிலோவ தாண்டுது. ஒரு பேட்டரில 1,840 ஷாட்னு கணக்கு சொல்றாங்க, அது நிஜம்தான், காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் அமுக்கிட்டே இருந்தாலும் பேட்டரி பத்தி நெனப்பே வராது.

இப்ப இந்த 45 மெகாபிக்சல் எதுக்குங்கற கேள்விக்கு வரேன், ஏன்னா வாட்ஸ்அப்ல போட 45 எதுக்குன்னு நெறைய பேரு கேக்கறாங்க. பறவை எடுக்கறவங்களுக்கு இதோட அர்த்தமே வேற. ஃபிரேம்ல நீளத்துல பாதி, உயரத்துல பாதின்னு வெட்டி எடுத்தா படத்துல கால்வாசிதான் மிஞ்சும், ஆனா அந்த கால்வாசியே 4128க்கு 2752, அதாவது 11 மெகாபிக்சலுக்கு மேல. அத 300 டிபிஐல (இன்ச்சுக்கு 300 புள்ளி) பிரிண்ட் போட்டா 13 இன்ச் அகலத்த தாண்டி வரும், ஏ4 சைஸ விட பெருசு. 24 மெகாபிக்சல் கேமரால இதே மாதிரி வெட்டினா 6தான் மிச்சம். அப்ப என்ன ஆகும்? இன்னும் கிட்ட போகணும்னு தோணும். ஒரு அடி, ரெண்டு அடின்னு போயிட்டே இருப்போம், பறவை பறந்துடும், கூட நிக்கற எல்லாருக்கும் படம் போச்சு, அதவிட முக்கியம் அந்த பறவை தின்றத விட்டுட்டு போகுது. நான் இந்த கேமராவ இவ்ளோ தூக்கி பேசறதுக்கு காரணமே இதுதான். தள்ளி நின்னு எடுக்கலாம். கூடு பக்கத்துல இது இன்னும் முக்கியம், தாய்ப்பறவை கூட்டுக்கு வராம கிளையில உக்காந்து கத்திட்டே இருந்தா நாம ரொம்ப கிட்ட இருக்கோம்னு அர்த்தம், பின்னாடி வந்துடணும், அப்பறமா வெட்டிக்கலாம். செல்ஃபோன்ல குரல் போட்டு பறவைய இழுக்கறது, கிளைய ஒடச்சு கூட்ட வெளிய காட்டறது, இதெல்லாம் பாக்க எனக்கு வயிறு எரியும், கையில நல்ல சென்சார் இருக்கறவங்களுக்கு அதுக்கு அவசியமே இல்ல.

உதாரணத்துக்கு தெலுக் ஆயர் தாவார். பட்டர்வொர்த்துக்கு வடக்க, கோலா மூடா வரைக்கும் நீண்டு கெடக்கற சேத்துக் கடற்கரை, செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சைபீரியா பக்கத்துல இருந்து இறங்கி வர உள்ளான் (சேத்துல மேயற சின்னக் கரைப்பறவை) கூட்டமெல்லாம் அங்க மேயும், கிழக்கு ஆசியா - ஆஸ்திரேலியா வலசைப் பாதையில நம்ம கரையும் ஒரு சாப்பாட்டுக் கடை. உலகத்துலயே ரொம்ப கம்மியா இருக்கற நார்ட்மன் பச்சைக்காலி, சீனக் கொக்கு இதெல்லாம் பதிவான எடம் அது. அங்க சேத்துல எறங்கி நடக்க முடியாது, நடக்கவும் கூடாது, கரையில இருந்துதான் எடுக்கணும். பறவையோ கையளவு. 500 மில்லிமீட்டர்ல கூட ஃபிரேம்ல சின்னதாதான் விழும். அந்த பறவைங்க சிலதுக்கு கால்ல கலர் பட்டை மாட்டி விட்டிருப்பாங்க, எந்த நாட்டுல புடிச்சு மாட்டினாங்கன்னு கலர வச்சு தெரிஞ்சுக்கலாம், ஆரஞ்சு பட்டைன்னா ஆஸ்திரேலியாவோட விக்டோரியா, மஞ்சள்னா வடமேற்கு ஆஸ்திரேலியா. சில பட்டையில எழுத்தும் பொறிச்சிருக்கும். வியூஃபைண்டர்ல பாக்கறப்ப அது ஒரு கலர் புள்ளி, அவ்ளோதான். வீட்டுல வந்து கம்ப்யூட்டர்ல நூறு சதவீதத்துக்கு பெருசாக்கி பாக்கறப்ப அந்த எழுத்து படிக்கற மாதிரி தெரிஞ்சா, அந்த சந்தோஷத்த எப்படி சொல்றதுன்னே தெரியல, ஏன்னா அந்த எழுத்த அனுப்பி வச்சா அந்த ஒரு பறவை எங்க மாட்டுப்பட்டுச்சு, எப்ப மாட்டுப்பட்டுச்சுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்லிடுவாங்க. அழகான படம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இந்த வேலைக்கு மெகாபிக்சல் நேரடியா உதவுது.

ஆனா ஒண்ணு, மெகாபிக்சல் கூடக் கூட காத்துல இருக்கற சூட்டையும் சேத்துதான் காட்டும். காலையில பத்து மணிக்கு மேல வெயில் ஏறினா சேறு சூடாகி மேல இருக்கற காத்து அலையடிக்கும், எவ்ளோ நல்ல லென்ஸா இருந்தாலும் தூரத்துப் பறவை தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி குழம்பிதான் வரும். சில பேரு அத பாத்துட்டு லென்ஸ் சாஃப்ட்டு, கேமரா சரியில்லன்னு விக்கவே போட்டுடறாங்க. கேமராவுல ஒண்ணும் இல்ல, காத்துதான். அந்த கரை மேக்க பாத்து இருக்கறதால காலையில சூரியன் நம்ம முதுகுக்கு பின்னாடி இருக்கும், வெளிச்சம் பறவை மேல நேரா விழும், அதனால காலையிலயே தண்ணி ஏறற நாளா பாத்து போங்க. தண்ணி ஏற ஏற பறவைங்க தானா கரைப் பக்கம் தள்ளி வரும், நாம ஒரு எடத்துல உக்காந்திருந்தா போதும், அதுங்களே கிட்ட வந்து மேயும். டைட் டேபிள் (கடல் தண்ணி ஏறி எறங்கற நேரம் போட்ட அட்டவணை) பாக்காம போனா மெகாபிக்சல் எத்தனை இருந்தும் பிரயோஜனம் இல்ல.

காட்டுக்குள்ள கத வேற. ஆயர் ஈத்தாம் டாலாம்னு பட்டர்வொர்த் பக்கம் ஒரு சதுப்புக் காடு இருக்கு, பலகை நடைபாதை போட்டிருக்காங்க, பறவை பாக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச எடம் (கொசு மருந்து இல்லாம போகாதீங்க, சீரியஸா சொல்றேன்). அங்க சதுப்புக்காட்டு பிட்டா இருக்கு, ஊர்ல ஆறுமணிக்குருவின்னு சொல்வாங்களே அதோட சொந்தம், தரையில தத்தித் தத்தி நண்டும் நத்தையும் பொறுக்கும், பச்ச முதுகு, நீல இறக்கை, வயித்துக்கு அடியில செவப்புன்னு இருந்தும் நிழல்ல நின்னா கண்ணுக்கே தெரியாது. அங்க பளிச்சுனு வெயில் அடிக்கற நாள்ல கூட லென்ஸ் தொறப்பு எஃப் 5.6ல, ஷட்டர் 1/250 செகண்ட் வச்சா ஐஎஸ்ஓ (வெளிச்சத்த கூட்டிக் காட்டற அளவு) 3200க்கு போயிடும், மேகம் போட்டுச்சுன்னா 6400. பெரிய மெகாபிக்சல்னா நாய்ஸ் (படத்துல பொடிப்பொடியா தெரியற புள்ளி) ஜாஸ்தின்னு ஒரு பேச்சு இருக்கு, நூறு சதவீதத்துல பாத்தா அது உண்மை மாதிரிதான் தெரியும், ஆனா படத்த நீங்க முழுசா சின்னது பண்ணிதான் பாப்பீங்க, பண்றப்ப நாய்ஸும் அடங்கிடும். 3200 எனக்கு பிரச்சனையே இல்ல. 6400 வெட்டாம இருந்தா ஓகே. 6400லயும் எடுத்து கால்வாசியா வெட்டவும் வெட்டினா இறகோட நெளிவு சுழிவெல்லாம் கரஞ்சுடும், மெகாபிக்சல் குடுக்கறத இருட்டு வாங்கிடும்னு வச்சுக்கோங்க. வெட்டற சலுகையெல்லாம் வெளிச்சம் இருக்கற எடத்துலதான்.

இருட்டுல ஃபோகஸ் ரொம்ப நல்லா இருக்கு, நடு பாயிண்ட் மைனஸ் 4 ஈவி வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட இருட்டுலயும், வேலை செய்யும், எவ்ளோ மங்கலா இருந்தாலும் பிட்டாவோட கண்ணுல போய் உக்காருது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் உள்ள இருக்கற கண்ணாடி மேல எழும்பற மிரர் சத்தம்தான் தொந்தரவு. அமைதியான காட்டுல நொடிக்கு 7 தடவ கிளாக் கிளாக்குனு அடிச்சா பிட்டா தல தூக்கி பாத்துட்டு பொதருக்குள்ள போயிடும். சத்தம் கம்மி பண்ற கியூ மோடு இருக்கு, கொஞ்சம் மெதுவா அடிக்கும், வேகமும் 3க்கு எறங்கிடும். லைவ் வியூல (வியூஃபைண்டர விட்டுட்டு பின்னாடி ஸ்கிரீன்ல பாத்து எடுக்கறது) சைலண்ட் மோடு போட்டா சத்தமே வராது, டிரைபாட்ல வச்சு அசையாம நிக்கற பறவைக்கு அது அருமையா வேலை செய்யுது, ஆனா லைவ் வியூல ஃபோகஸ் மெதுவா தேடித்தேடி புடிக்கும், ஓடற பறவைக்கு அத நம்பாதீங்க.

பறக்கறது எடுக்கறத பத்தி. செம்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு, பஞ்சுருட்டான் இதெல்லாம் நம்ம பக்கம் தாராளமா கெடைக்கும். பருந்து, கழுகு மாதிரி பெருசா, நிதானமா வட்டம் போடறதுக்கு குரூப் ஏரியா (சில ஃபோகஸ் பாயிண்ட ஒண்ணா சேத்து வைக்கற மோடு) போட்டு விட்டா டி850 கெட்டியா புடிச்சுக்கும், வானம் மட்டும் பின்னாடி இருந்தா விடவே விடாது. பஞ்சுருட்டான் வேற ரகம். தட்டான துரத்தி நடு வானத்துல திரும்பும், அத ஃபிரேம்ல வச்சிருக்கறதே பெரிய வேலை. இங்க ஒரு நல்ல விஷயம் இருக்கு, டிஎக்ஸ் கிராப் (சென்சாரோட நடுப்பகுதிய மட்டும் எடுக்கற மோடு) போட்டா 19 மெகாபிக்சல் சொச்சம் வரும், 500 லென்ஸ் 750 மாதிரி ஆகும், அதே நேரம் வியூஃபைண்டர்ல கிராப்புக்கு வெளிய இருக்கறதும் தெரியும். பறவை ஃபிரேமுக்குள்ள வரதுக்கு முன்னாடியே கண்ணால பாத்துடலாம். ஃபோகஸ் பாயிண்டும் அந்த கிராப்புல கிட்டத்தட்ட முழு அகலத்துக்கும் பரவி நிக்கும், ஃபைலும் சின்னதாகும். நிக்கானோட சின்ன சென்சார் கேமரா டி500 வச்சிருந்தவங்களுக்கு தெரியும், அதோட 20.9 மெகாபிக்சலுக்கும் இதுக்கும் படத்துல பெரிய வித்தியாசம் இல்ல, ஒரே பாடியில ரெண்டு கேமரா இருக்கற கணக்குதான்.

இருந்தாலும் ஒளிக்க ஒண்ணும் இல்ல, மிரர்லெஸ் இந்த விஷயத்துல ரொம்ப முன்னாடி போயிடுச்சு. எங்க கூட வர அண்ணன் ஒருத்தர் நிக்கானோட மிரர்லெஸ் இசட்8 வச்சிருக்கார், 2023ல வந்தது, அதுவும் 45.7 மெகாபிக்சல்தான், ஆனா நொடிக்கு 20 ரா படம் (சென்சார்ல விழுந்தத அப்படியே வைக்கற ஃபைல்), சத்தமே இல்ல, 2024ல வந்த ஃபர்ம்வேர்ல (கேமராவோட உள் சாஃப்ட்வேர்) பறவைக்குன்னே தனி டிடெக்ஷன் மோடு குடுத்துட்டாங்க. கண்ண அதுவே தேடி புடிச்சு ஒட்டிக்குது. ஒரே எடத்துல பக்கத்துல பக்கத்துல நின்னு பஞ்சுருட்டான் எடுத்தா அவருக்கு ஷார்ப்பா வரது என்ன விட எப்பவும் ஜாஸ்தி. உக்காந்திருக்கற பறவைய எடுத்து ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சா எது எந்த கேமரான்னு அவராலயும் சொல்ல முடியல, என்னாலயும் முடியல. உங்க படத்துல பாதிக்கு மேல பறக்கற பறவைன்னா காச சேத்து வச்சு அந்தப் பக்கம் போங்க. உக்காந்தது, நடக்கறது, மேயறதுன்னா அந்த வித்தியாசத்துக்கு அவ்ளோ வெள்ளி (ரிங்கிட்) குடுக்கணுமான்னு நல்லா யோசிங்க.

45 மெகாபிக்சல்ல கை நடுக்கம், ஃபோகஸ் விலகல் எதுவும் ஒளிஞ்சுக்காது. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனையில ஒண்ணுனு ஷட்டர் வைக்கற பழைய கணக்கு இங்க பத்தாது, கையில புடிச்சு 500ல எடுத்தா 1/1000 பக்கம் வைங்க, மோனோபாட்ல கம்மி பண்ணிக்கலாம். அதே மாதிரி எஃப் 11, 16னு மூடிட்டே போகாதீங்க, பிக்சல் சின்னதா இருக்கறதால எஃப் 8 தாண்டினா கூர்மை மெதுவா எறங்க ஆரம்பிக்கும். இன்னொண்ணு, இது கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர்ங்கறதால லென்ஸுக்கும் பாடிக்கும் ஃபோகஸ் ஒரு மயிரிழை முன்ன பின்ன இருக்க வாய்ப்பு இருக்கு. கண்ணுல வச்சா இறக்கைல போய் ஷார்ப்பா இருக்கும். கேமராலயே ஆட்டோ ஃபைன் டியூன் இருக்கு, டிரைபாட்ல வச்சு லைவ் வியூல ஃபோகஸ் பண்ணிட்டு அது சொல்ற மாதிரி செஞ்சா தானா கணக்கு போட்டு சரி பண்ணிக்கும். சில தடவ திரும்பத் திரும்ப செஞ்சு பாத்து பெரும்பாலும் எந்த நம்பர் வருதோ அத வச்சுக்கோங்க. புதுசா எந்த லென்ஸ் போட்டாலும் முதல் வேலை இதுதான்.

லென்ஸ் 200-500 எஃப் 5.6 பத்தி. 2015ல வந்தது, முழு ரேஞ்சுக்கும் 5.6 மாறாது, கை நடுக்கத்த அடக்கற விஆர் ரொம்ப நல்லது, 500லயும் கூர்மையாதான் இருக்கு. டிரைபாட் காலரோட 2.3 கிலோ, பாடியோட சேத்தா 3.3. ஜூம் ரிங்க ஒரே திருப்புல 200ல இருந்து 500க்கு கொண்டு போக முடியாது, ரெண்டு தடவ கை மாத்தணும். லென்ஸோட டிரைபாட் கால் ஆர்கா தட்டுல (டிரைபாட் தலையில லென்ஸ மாட்டற ஒரு வகை தட்டு) நேரா உக்காராது, வேற வாங்கி மாட்டிக்கோங்க. வெயிட்டுதான் உங்க பிரச்சனைன்னா அதே நிக்கான்ல 500 பிஎஃப் எஃப் 5.6 ஒண்ணு 2018ல வந்தது, 1.46 கிலோதான், நாள் முழுக்க கையிலயே புடிச்சிருக்கலாம், ஜூம் கெடையாது. அதுவும் இப்ப செகண்ட் ஹேண்ட்ல கண்ணுல படுது.

ஜூம் வேணுமா வேணாமாங்கறது எங்க போறீங்கங்கறத பொறுத்தது. புக்கிட் பெண்டேராவுல, அதான் பினாங்கு ஹில், எனக்கு ஜூம் இல்லாம ஆகாது. 2021ல யுனெஸ்கோ அந்த மலைய உயிர்க்கோளக் காப்பகமா சேத்தாங்க, மேல போனா லோத்தோங் குரங்கு குடும்பத்தோட மரத்துல உக்காந்திருக்கும், கறுப்பு மூஞ்சி, கண்ண சுத்தி வெள்ள வட்டம், குட்டி மட்டும் ஆரஞ்சு கலர்ல தாய் வயித்துல ஒட்டிட்டு இருக்கும். கறுப்பு ராட்சத அணிலும் அங்க பாக்கலாம். திடீர்னு பக்கத்து கிளைக்கு வந்துடும், 500ல மூஞ்சி மட்டும்தான் வரும், 200க்கு வந்தாதான் தாயும் குட்டியும் சேந்து கெடைக்கும். கறுப்பு முடிக்கு கேமராவோட வெளிச்சம் அளக்கற மீட்டர் ஏமாந்து படத்த வெளுக்க வச்சுடும், கொஞ்சம் மைனஸ் பண்ணிக்கோங்க, டி850 ஐஎஸ்ஓ 64ல இருந்து 400 வரைக்கும் நிழல எவ்ளோ தூக்கினாலும் தாங்குது, கறுப்பு முடி ஒண்ணொண்ணா எண்ணலாம் போல வரும். கொக்கு மாதிரி வெள்ளப் பறவைக்கு ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங்னு ஒண்ணு இருக்கு, அத போட்டுட்டா இறகு வெள்ளையா எரிஞ்சு போகாம காப்பாத்தும். தயவு செஞ்சு குரங்குக்கு தீனி போட்டு கிட்ட வர வைக்காதீங்க. தீனிக்கு பழகின குரங்கு அடுத்து வர சின்னப் புள்ளைங்க கையில இருந்து புடுங்கும், அப்பறம் பழி குரங்கு மேலதான் விழும்.

நம்ம ஊர் ஈரத்துக்கு இந்த பாடி நல்லா தாங்குது, சீல் எல்லாம் கெட்டி, தூறல்ல துண்டு போட்டு மூடி எடுத்திருக்கேன், ஒண்ணும் ஆகல. லென்ஸுக்குதான் கவனம் வேணும். ஏர்கான் கார்ல இருந்து எறங்கின உடனே பைய தொறந்தா கண்ணாடி முழுக்க பனி மூட்டம், தொடைக்க தொடைக்க வந்துட்டே இருக்கும், அந்த நேரம் பாத்துதான் இருவாச்சி தலைக்கு மேல போகும். போய் சேரதுக்கு கால் மணி நேரம் முன்னாடியே ஏர்கான நிறுத்தி ஜன்னல எறக்கிடுங்க, பை சூட்டுக்கு வந்துடும். வீட்டுல டிரை பாக்ஸ் கட்டாயம், ஈரப்பதம் 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வைங்க. அலமாரில துணிக்கு நடுவுல சுருட்டி வச்சா பங்கஸ்தான் (பூஞ்சை). 200-500 நீட்டறப்ப வெளிய இருக்கற காத்த உள்ள இழுக்கற லென்ஸ், அதனால கூடுதல் ஜாக்கிரதை.

ஃபைல் சைஸையும் பட்ஜெட்டுல சேத்துக்கோங்க. தரம் குறையாம சுருக்கின 14 பிட் லாஸ்லெஸ் ரா ஒண்ணு 50 எம்பி சுமார், ஒரு காலையில ஆயிரம் ஷாட் போட்டா 50 ஜிபி போச்சு. பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். அன்னிக்கே உக்காந்து வேணாங்கறத அழிச்சுடணும், ஹார்ட் டிஸ்க் ரெண்டு வேணும். கார்டு ஸ்லாட் ஒண்ணு எக்ஸ்கியூடி, ஒண்ணு எஸ்டி. ஃபர்ம்வேர் புதுசா போட்டா எக்ஸ்கியூடி ஸ்லாட்டுல சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டும் போடலாம், அதுதான் இப்ப கடையில ஈஸியா கெடைக்கும். வேகமா அடிக்கறப்ப ரெண்டு கார்டுலயும் ஒரே நேரத்துல எழுத விடாதீங்க, எஸ்டி மெதுவா இருந்தா பஃபர் (கார்டுக்கு போறதுக்கு முன்னாடி படம் நிக்கற எடம்) அதுக்காக காத்துட்டு நிக்கும்.

வாங்கறப்ப பாக்க வேண்டியது. ஷட்டர் 2 லட்சம் ஷாட் வரைக்கும்னு சோதிச்சது, அதனால இதுவரைக்கும் எத்தனை ஷாட் அடிச்சிருக்குன்னு கவுண்ட் கேளுங்க, வாயால சொல்றத நம்பாம ஒரு படம் எடுத்து கார்டுல கொண்டு வந்து இன்ஃபோல பாருங்க. ஏபி செட்டா (கடைக்காரங்க தனியா இறக்குமதி பண்ணினது), லோக்கல் செட்டான்னு (நிக்கானோட உள்ளூர் ஏஜெண்ட் வழியா வந்தது) கேட்டு தெரிஞ்சுக்கோங்க, செகண்ட் ஹேண்ட்ல வாரண்டி முடிஞ்சிருக்கும், இருந்தாலும் நாளைக்கு விக்கறப்ப விலை மாறும். எஃப் 16ல வெள்ள சுவத்த எடுத்து பெருசாக்கி பாத்தா சென்சார்ல தூசி, எண்ணெய்ப் புள்ளி எல்லாம் தெரிஞ்சுடும். ரப்பர் கிரிப் பிரிஞ்சு நிக்குதா, ஸ்கிரீன் மேல கீழ மடக்கற எடம் ஆடுதா, ரெண்டு ஸ்லாட்டுலயும் கார்டு எடுத்துக்குதா பாருங்க. லென்ஸுக்கு பின்னாடி இருந்து டார்ச் அடிச்சு பாக்கணும், நூல் நூலா வெள்ளையா தெரிஞ்சா பங்கஸ், விலை எவ்ளோ எறக்கினாலும் வேணாம்னுட்டு வந்துடுங்க. முடிஞ்சா கடைக்காரர்கிட்ட கேட்டு வாசல்ல நின்னு கம்பில உக்காந்திருக்கற மைனாவ நாலு ஷாட் எடுத்து, வீட்டுக்கு வந்து நூறு சதவீதத்துல கண்ண பாருங்க, அதுக்கப்பறம் காச குடுங்க.